யூசெஃப் கொவோஜெயின் வாரிசுகள்

போஸ்னான், 3 மார்ச் 1994

மதிப்பிற்குரிய உறவினருக்கு,

விஷ்னியேவோ பதிவு அலுவலகத்துக்குத் தொலைபேசி செய்தேன். எடுத்த பெண், தலைவரின் பெயர் லெயோகாடியா கொவோஜெய்சிக் என்றாள். கையிலிருந்த தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன். என் பெயர் செவெரின் கொவோஜெய். பெயரின் அர்த்தப்படி நான் சக்கரத் தச்சன், நீங்கள் சக்கரத் தச்சனின் மகன் வழி. இதற்கு மேல் நாம் எப்படி அந்நியர்களாக இருக்க முடியும்? அதனால்தான் கூச்சப்படாமல் உறவினர் என்று எழுதிவிட்டேன்.

உண்மையில் நான் சக்கரம் எதுவும் செய்ததில்லை. போஸ்னானில் இருபத்துமூன்று வருடமாக டிராம் ஓட்டுகிறேன். வருகிற ஆகஸ்ட் இருபதாம் தேதி சனிக்கிழமை, நகருக்கு வெளியே லிபினி கிராமத்துத் தீயணைப்பு நிலையக் கூடத்தில், நாட்டிலுள்ள கொவோஜெய் குலத்தார் எல்லாரையும் கூட்டப் போகிறேன். மூன்று குளிர்காலம் தலைமை அஞ்சலகத்தில் உட்கார்ந்து, நாற்பத்தொன்பது மாகாணத் தொலைபேசிப் புத்தகங்களையும் புரட்டி முகவரி எடுத்திருக்கிறேன். அங்கே கவுண்டரில் இருக்கும் அம்மாள் என்னைப் பார்த்தாலே தலையில் கை வைத்துக்கொள்வார். "மறுபடியும் வந்துட்டீங்களா? நல்லவேளை உங்க பேரு கொல்லன்னு இல்ல. இருந்திருந்தா நாங்க கடையைச் சாத்திட்டு உங்களுக்கே எழுதிக் குடுத்துட்டுப் போயிருப்போம்!" என்றார். கொல்லன் பெயர்க்காரர்கள் நாட்டில் எத்தனை பேர் என்று அவருக்குத்தானே தெரியும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். என் பிறப்புச் சான்றிதழ் உங்கள் அலுவலகத்தில் எழுதப்பட்டது. அப்பா யூசெஃப் கொவோஜெய், அம்மா மரியா. இருவரையும் நான் பார்த்ததில்லை. நான் வளர்ந்தது போஸ்னானில் ஒரு குழந்தைகள் விடுதியில். போர் முடிந்த அந்தக் குளிரில் டைஃபஸில் போய்விட்டார்கள் என்று சொன்னார்கள். எனக்கு நாற்பத்தெட்டு வயதாகிறது. யூசெஃப் கொவோஜெயைக் கண்ணால் பார்த்த ஒரே ஒரு ஆளைப் பார்த்துவிட வேண்டும். அவர் நெட்டையா குட்டையா, கோபக்காரரா சாதுவா என்று கேட்க வேண்டும். கூட்டமெல்லாம் அதற்காகத்தான். உங்கள் பகுதியிலுள்ள கொவோஜெய்களின் பட்டியலை அனுப்ப முடியுமா?

அன்புடன்,
யூசெஃப் மகன் செவெரின் கொவோஜெய்


விஷ்னியேவோ, 11 மார்ச் 1994

திரு. செவெரின் கொவோஜெய் அவர்களுக்கு,

உங்கள் உறவினர் அல்ல, பதிவு அலுவலர் எழுதுகிறேன். கொவோஜெய்சிக் என்பது என் கணவர் செனோனின் பெயர். நான் பிறந்தது பெட்னாஷ் வீட்டில். பீப்பாய்த் தச்சர்கள். உங்கள் கணக்குப்படி பார்த்தால் நான் உங்களுக்குப் பீப்பாய் வழி உறவு.

கோபித்துக்கொள்ளாதீர்கள். ஆனால் பதினெட்டு வருடமாகப் பெயர்களோடு குடித்தனம் செய்கிறவள் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. கொவோஜெய் குலம் என்று ஒன்று கிடையாது. ஒரு ஊரில் எல்லாரும் சக்கரம் செய்தால் யாரையும் சக்கரத் தச்சன் என்று கூப்பிட மாட்டார்கள். கூப்பிட்டால் ஊரே திரும்பிப் பார்க்கும். ஊருக்கு ஒருத்தன்தான் அந்த வேலை செய்தான், அதனால்தான் அவனுக்கு அந்தப் பெயர் ஒட்டியது. வண்டி போன பாதையெல்லாம் ஊர், ஊருக்கு ஊர் ஒரு தச்சன். க்ரக்காவ் பக்கத்தில் ஒருத்தன், லுப்லினில் ஒருத்தன், சிலேசியாவில் ஒருத்தன். ஒருவனை ஒருவன் கண்டதுகூட இல்லை. பையன் தலையெடுத்ததும் அவனைக் கொவோஜெய்சிக் என்றார்கள். கொஞ்சம் காசு பார்த்த வீட்டில் பெயருக்குப் பின்னால் இன்னும் பெரிய வாலாக ஒட்டிக்கொண்டார்கள். சில இடங்களில் இதே வேலைக்காரனை ஸ்தெல்மாக் என்பார்கள். அவர்கள் செய்ததும் அதே சக்கரம்தானே? அவர்களையும் கூப்பிடுங்களேன்!

இதையெல்லாம் செனோனிடம் படித்துக் காட்டினேன். "ஏ லோஜா, பாவம் அந்த ஆளு. அவரு கூட்டம் போட்டா உனக்கென்ன வலிக்குது? கட்லெட் போடுவாங்களா மாட்டாங்களா, அதைக் கேளு முதல்ல" என்கிறார். கேட்டாயிற்று.

பட்டியல் கேட்டீர்கள். எங்கள் பகுதியில் கொவோஜெய்சிக் குடும்பங்கள் நான்கு. கொவோஜெய் ஒன்றுகூட இல்லை. போருக்கு முன்பும் இருந்ததாகத் தெரியவில்லை. உங்கள் பிறப்பு எழுதிய வருடத்துப் புத்தகம் கீழ் அறையில் இருக்கிறது. சாவி வைத்திருப்பவர் விடுப்பில் போயிருக்கிறார். வந்ததும் பார்க்கிறேன்.

லெயோகாடியா கொவோஜெய்சிக்


போஸ்னான், 20 மார்ச் 1994

மதிப்பிற்குரிய பீப்பாய் வழி உறவினருக்கு,

நன்றாகத் திட்டுகிறீர்கள். என் மனைவி ஹலினாவுக்கு உங்களை ரொம்பப் பிடித்துவிட்டது. "இந்தம்மாவை நம்ம வீட்டுக்கு ஒரு வாரம் கூட்டிட்டு வாங்க, எனக்கும் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும்" என்கிறாள்.

ஆனால் நான் விடுவதாக இல்லை. நம் நாட்டின் முதல் அரச வம்சமே ஒரு சக்கரத் தச்சன் வீட்டிலிருந்து வந்தது என்று இரண்டாம் வகுப்பில் உங்களுக்கும்தானே சொல்லிக்கொடுத்தார்கள்? அரசன் விருந்திலிருந்து துரத்தப்பட்ட இரண்டு வழிப்போக்கர்கள் தச்சன் குடிசைக்கு வருகிறார்கள். அன்றைக்கு அவன் மகனுக்கு முதல் முடி வெட்டும் நாள். இருந்த ஒரு பன்றியையும் ஒரு ஜாடி பீரையும் அவர்களுக்கு வைக்கிறான், அது குறையவே மாட்டேன் என்கிறது. விடுதியில் அந்தப் பாடம் நடந்த அன்று மற்றப் பையன்கள் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். வாழ்க்கையில் முதல் முறையாக என்னிடம் அவர்களிடம் இல்லாத ஒன்று இருந்தது. அன்றிலிருந்து ஒரு மாதம் என்னை ராஜா என்றுதான் கூப்பிட்டார்கள். நீங்கள் ஒரே கடிதத்தில் என்னை ஊர்த் தச்சனாக்கிவிட்டீர்கள்!

நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கலாம். ஆனால் அறுபத்தொரு குடும்பம் வருகிறோம் என்று பதில் போட்டாயிற்று. சிலேசியாவிலிருந்து ஒரு சுரங்கத் தொழிலாளி எழுதியிருக்கிறார், அவர் கையெழுத்தே நிலக்கரி மாதிரி இருக்கிறது. சிகாகோவிலிருந்து ஒருவர் வருகிறார், மொழி பாதி மறந்துவிட்டதாம், பசி மறக்கவில்லையாம். எல்லாரும் ஒரே மாதிரி எழுதுகிறார்கள்: நாமெல்லாம் ஒரே வேர் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். இத்தனை வீடும் பொய் சொல்லுமா?

செனோன் அவர்களுக்குப் பதில்: கட்லெட் உண்டு. ஆளுக்கு இரண்டு. புளித்த முட்டைக்கோஸ் குழம்பும், எங்கள் ஊர் உருளைக்கிழங்கும் தயிர்க்கட்டியும் உண்டு.

சாவிக்காரர் வந்தாரா? யூசெஃபைத் தேடினீர்களா? மற்றதெல்லாம் வாய்ச் சண்டை. இது ஒன்றுதான் எனக்கு வேண்டும்.

செவெரின், யூசெஃப் மகன்


விஷ்னியேவோ, 2 ஏப்ரல் 1994

அன்புள்ள திரு. செவெரின்,

புத்தகத்தைப் பார்த்தேன்.

உங்களிடம் இருப்பது சுருக்கச் சான்றிதழ். வேலைக்கும் திருமணத்துக்கும் அது போதும், அதனால் யாரும் அதற்கு மேல் கேட்பதில்லை. முழு நகல் என்று ஒன்று உண்டு. அதில் அடிக்குறிப்பு வரை எல்லாம் இருக்கும். உங்கள் பதிவின் முழு நகலைக் கேட்டு விண்ணப்பம் போடுங்கள், படிவம் இணைத்திருக்கிறேன். அது வராமல் நான் எதையும் எழுதக் கூடாது என்பது சட்டம்.

கூட்டத்துக்குப் பதாகை ஏதாவது எழுதக் கொடுத்திருந்தால், கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள்.

ஈஸ்டர் நன்றாகக் கழியட்டும். செனோனும் வாழ்த்துச் சொல்கிறார்.

லெயோகாடியா கொவோஜெய்சிக்


போஸ்னான், 8 ஏப்ரல் 1994

அன்புள்ள லெயோகாடியா அம்மாவுக்கு,

பதாகை எழுதியாயிற்று. ஆறு மீட்டர் துணி. டிராம் பணிமனையில் பெயர்ப்பலகை எழுதுகிறவன் சிவப்பு எழுத்தில் போட்டுக் கொடுத்தான்: "யூசெஃப் கொவோஜெயின் வாரிசுகள், வருக!" எல்லாரும் யூசெஃபின் வாரிசுகள் இல்லைதான். தெரியாமலா எழுதினேன்? அப்பாவின் பெயரை ஒரு தடவை பெரிதாக எங்காவது எழுதிப் பார்க்க வேண்டும் போல இருந்தது. கல்லறைகூட இல்லையே, எங்கே எழுத?

விண்ணப்பம் இணைத்திருக்கிறேன்.

உங்கள் கடிதத்தில் ஒரு கிண்டல்கூட இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. நாலு வார்த்தை திட்டி எழுதியிருந்தால் நிம்மதியாக டிராம் ஓட்டியிருப்பேன். நேற்று ஒரு நிறுத்தத்தில் நிற்காமல் போய்விட்டேன். கைத்தடியை ஆட்டிக்கொண்டு ஒரு பெரியவர் போட்ட சத்தம் பணிமனை வரை கேட்டிருக்கும்.

செவெரின்


விஷ்னியேவோ, 25 ஏப்ரல் 1994

அன்புள்ள திரு. செவெரின்,

முழு நகல் இந்த உறையில் இருக்கிறது. அதைப் பிரிக்கும் முன் இதைப் படியுங்கள். அலுவலகத் தாள் அண்ணன் தம்பி பார்க்காமல் பேசும். நான் கொஞ்சம் பார்த்துப் பேசுவேன்.

1946 ஜனவரியில்தான் இந்த நாட்டில் பிறப்புப் பதிவு அரசாங்க அலுவலகத்துக்கு வந்தது. எங்கள் புதுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் முதல் பதிவு உங்களுடையது. டெம்புவ்கா கிராமத்தில், ஜனவரி எட்டாம் தேதி காலையில் கண்டெடுக்கப்பட்ட ஆண் குழந்தை, வயது சுமார் இரண்டு வாரம், பெற்றோர் தெரியவில்லை. அதுதான் நீங்கள்.

செவெரின் என்பது நாட்காட்டியில் அந்த நாளுக்குரிய புனிதரின் பெயர். பெற்றோர் தெரியாத குழந்தைக்குக் கட்டத்தை வெறுமையாக விடக் கூடாது, பள்ளிக்கூடத்தில் பிள்ளையைக் கேலி செய்வார்கள் என்று, ஏதாவது இரண்டு பெயரை எழுதிவிடுவது வழக்கம். அப்படி எழுதப்பட்டவர்கள்தான் யூசெஃபும் மரியாவும். அடிக்குறிப்பில் அலுவலரே எழுதியிருக்கிறார், கற்பனைப் பெயர்கள் என்று. சுருக்கச் சான்றிதழில் அடிக்குறிப்பு வராது.

யூசெஃப் கொவோஜெய் நெட்டையும் இல்லை, குட்டையும் இல்லை, செவெரின். அப்படி ஒருவர் இருந்ததே இல்லை.

இதை எழுத எனக்கு மூன்று நாள் ஆயிற்று. நான் சுலபமாக வருத்தப்படுகிற பெண் அல்ல. செனோனைக் கேளுங்கள். ஆனால் வருத்தமாக இருக்கிறது. முதல் கடிதத்திலேயே உங்களை அவ்வளவு சீண்டியிருக்க வேண்டாம்.

லெயோகாடியா


போஸ்னான், 30 மே 1994

அம்மாவுக்கு,

பதில் எழுதத் தாமதம், மன்னியுங்கள். எழுத ஒன்றும் இல்லை.

கூட்டத்தை நிறுத்துகிறேன். அறுபத்தொரு குடும்பத்துக்கும் அட்டை எழுத வேண்டும், ஹலினா பாதி எழுதித் தருகிறேன் என்கிறாள். யோசித்துப் பாருங்கள், அந்தக் கூடத்தில் யாரோ ஒரு தச்சனுக்காவது ஒவ்வொருவரும் பேரன். தூரத்துப் பேரன், பெயர் தெரியாத பேரன், இருக்கட்டும். நான் மட்டும் ஒரு குமாஸ்தா பேனாவிலிருந்து வந்தவன். நானே கூட்டி, நானே வாசலில் நின்று வரவேற்று, நான் ஒருத்தன்தான் கொவோஜெய் இல்லை!

பதாகையை உருளைக்கிழங்கு மூடப் போட்டுவிட்டேன்.

உங்கள் மேல் கோபம் இல்லை. நீங்கள் உண்மையைச் சொன்னீர்கள்.

செவெரின்


விஷ்னியேவோ, 19 ஜூன் 1994

செவெரின்,

அட்டைகளைத் தபாலில் போட்டுவிட்டீர்களா? போடவில்லை என்றால் அடுப்பில் போடுங்கள். போட்டுவிட்டீர்கள் என்றால் மறுபடி எழுதுங்கள், அது உங்கள் தலைவிதி.

உங்கள் கடிதம் வந்ததிலிருந்து ஒரு கேள்வி என்னைக் குடைந்துகொண்டே இருந்தது. யூசெஃப் கற்பனை. மரியா கற்பனை. செவெரின் நாட்காட்டி. சரி, கொவோஜெய் எங்கிருந்து வந்தது? எங்கள் பகுதியில் அந்தப் பெயரே கிடையாது என்று நானேதானே உங்களுக்கு மார்தட்டி எழுதினேன்? பக்கத்தில் இல்லாத பெயரை அந்தக் குமாஸ்தா எங்கே பிடித்தார்?

ஞாயிற்றுக்கிழமை செனோனைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு டெம்புவ்காவுக்குப் போனேன். நான்தான் மிதித்தேன், அவர் பின்னால் உட்கார்ந்து வழி சொன்னார், அதுவும் தப்பாக. ஊரில் விசாரித்தோம். "கண்டெடுத்த குழந்தையா? ப்ரோனியாவைக் கேளுங்க" என்று ஒரே வாயாகச் சொன்னார்கள்.

ப்ரோனியா காவ்லிக்குக்கு அறுபது வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வாசலில் வாத்துக்குக் கத்தியால் கீரை வெட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள். நான் அலுவலகக் குரலில், 1946 ஜனவரி எட்டாம் தேதி என்று ஆரம்பித்தேன். கத்தி கையிலிருந்து விழுந்துவிட்டது.

"எங்க கொவோஜெய் பையனா? உசிரோட இருக்கானா?"

இருக்கிறான் என்று தலையாட்டினேன். அப்படியே வாத்துகளுக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டாள். செனோன்தான் கை கொடுத்துத் தூக்கினார்.

அவள் சொன்னதைச் சொல்கிறேன். அவள் அப்பா ஃபிரான்சிஷெக் காவ்லிக் டெம்புவ்காவின் சக்கரத் தச்சர். ஊருக்கு ஒரே தச்சர், அதனால் ஊரார் வாயில் அவர் பெயரே கொவோஜெய்தான். ஓக் மரத்து ஆரக்கால்களைச் சக்கரத்தில் இறுக்குமுன் நன்றாகக் காய வைக்க வேண்டுமாம், இல்லாவிட்டால் ஒரே கோடையில் ஆட்டம் கண்டுவிடும். அதற்காகப் பட்டறை அடுப்பைக் குளிர்காலம் முழுக்க அணைய விட மாட்டார். அந்த ஜனவரியில் டெம்புவ்காவில் மற்ற வீடுகளில் விறகே கிடையாது. விடியும்போது அணையாத அடுப்பு இருந்த ஒரே கூரை அதுதான். காலையில் பட்டறையில் மரச் சீவல் அள்ளப் போன ப்ரோனியா, பன்னிரண்டு வயது, சீவல் குவியலில் கம்பளிச் சால்வை சுற்றிய உங்களைப் பார்த்திருக்கிறாள். அழக்கூட இல்லையாம். "நல்லா வேர்த்துப் போயி, கன்னமெல்லாம் செவசெவன்னு தூங்கிட்டிருந்தான்" என்றாள்.

உங்களை வைத்துவிட்டுப் போனவள் யாரென்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. ஆனால் அவள் தூக்கி எறிந்துவிட்டுப் போகவில்லை, செவெரின். எங்கே வைத்தால் பிழைக்கும் என்று பார்த்து வைத்திருக்கிறாள்.

காவ்லிக்கின் மனைவி அப்போது காய்ச்சலில் படுத்திருந்தார். பதினொரு நாள் உங்களை வளர்த்தது ப்ரோனியாவும் அவள் அப்பாவும். ப்ரோனியா பாத்திரத்தோடு வீடு வீடாகப் பால் கேட்டுப் போவாளாம். "யார் வீட்டுப் புள்ளைக்கு?" என்பார்களாம். "கொவோஜெய் வீட்டுப் புள்ளைக்கு" என்பாளாம். மூன்றாம் நாள் ஊரே கொவோஜெய் பிள்ளை என்று சொல்ல ஆரம்பித்துவிட்டது. குமாஸ்தா பதிவு எழுத வந்து, இது யாருடையது என்று கேட்டபோது பட்டறையில் நின்றவர்கள் எல்லாரும் அதையேதான் சொல்லியிருக்கிறார்கள். அவர் காதில் விழுந்ததை எழுதினார். உங்கள் பெயர் குமாஸ்தா பேனாவிலிருந்து வரவில்லை. பால் கொடுத்தவர்கள் வாயிலிருந்து வந்தது.

பதினொன்றாம் நாள் செவிலி வந்து, தாய்க்குக் காய்ச்சல் இருக்கும் வீட்டில் குழந்தை இருக்கக் கூடாது என்று எடுத்துப் போனாள். மார்ச்சில் மனைவி எழுந்து நடமாடியதும் காவ்லிக் உங்களைத் திரும்பக் கேட்டுப் போயிருக்கிறார். போஸ்னானுக்கு அனுப்பியாயிற்று என்றார்கள், எந்த விடுதி என்று சொல்லவில்லை. திரும்பி வந்து இரண்டு நாள் உளியைத் தொடவில்லையாம். இறக்கும்வரை வருடா வருடம் ஜனவரி எட்டாம் தேதி, "பய இன்னைக்கு இத்தனை வயசு" என்பாராம். 1971-இல் போய்விட்டார். நடுத்தர உயரம். கோபம் வரும், நிற்காது. நீங்கள் கேட்டீர்களே, அதனால் கேட்டு வந்தேன்.

உங்கள் இரண்டாம் வகுப்புப் பாடத்தை நான் மறக்கவில்லை. அந்தக் கதையில் தச்சன் மகனுக்கு முடி வெட்டிப் பெயர் வைத்தது யார்? அப்பன் இல்லை. வழிப்போக்கர்கள்.

கூட்டம் நடக்க வேண்டும். ப்ரோனியா வருகிறாள். நான் ஒரு சின்னத் தாள் எழுதி அவளிடம் கொடுத்தனுப்புவேன், அதை எல்லார் முன்னும் அவள் படிக்கட்டும்.

லோஜா


விஷ்னியேவோ, 17 ஆகஸ்ட் 1994

செவெரின்,

செனோன் பேரி மரத்திலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டார். "ஏணி எதுக்கு, நான் என்ன கிழவனா?" என்று கேட்டுவிட்டுத்தான் ஏறினார். நாங்கள் வர முடியாது. எனக்கு அழுகை வருகிறது, அவருக்குக் கட்லெட் போயிற்றே என்று அழுகை வருகிறது. ப்ரோனியா காலைப் பேருந்தில் வருவாள். பச்சைத் தலைக்குட்டை. தாள் அவள் கைப்பையில் இருக்கிறது. ஒன்று விடாமல் எழுதி அனுப்புங்கள்.

லோஜா


போஸ்னான், 22 ஆகஸ்ட் 1994

அன்புள்ள லோஜா,

செனோனின் கட்லெட் எட்டு, எண்ணெய்த் தாளில் சுற்றி ப்ரோனியாவிடம் கொடுத்திருக்கிறேன். இந்நேரம் வந்திருக்கும். வழியில் இரண்டு குறைந்திருந்தால் நான் பொறுப்பில்லை. அவளும் சாப்பிடப் பிறந்தவள்தான்.

நீங்கள் சொன்ன பிறகு பதாகையை உருளைக்கிழங்கிலிருந்து எடுத்து அலசினேன். யூசெஃப் இருந்த இடத்தில் வெள்ளைச் சாயம் பூசினேன். துணியில் ஒரு பெரிய வெற்றிடம். வந்தவர்கள் எல்லாரும் அண்ணாந்து பார்த்துக் கேட்டார்கள், "அங்க யாரு பேரு வரணும்?" நான், "மத்தியானத்துக்கு மேல சொல்றேன்" என்று மழுப்பிக்கொண்டிருந்தேன்.

நூற்று நாற்பத்தேழு பேர். ஹலினா வாசலில் நின்று எண்ணினாள். சுரங்கத் தொழிலாளி மூன்று மகன்களோடு வந்தார், நால்வருக்கும் ஒரே மூக்கு. சிகாகோக்காரர் என்னைக் கட்டிப்பிடித்தார், சிலேசியாக்காரரைக் கட்டிப்பிடித்தார், கடைசியில் தீயணைப்பு நிலையத்துச் சமையற்காரியையும் கட்டிப்பிடித்தார். அவளுக்கும் கொவோஜெய்களுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. "பரவால்ல, நல்ல குடும்பம்" என்றாள் அவள்.

பேருந்து நிறுத்தத்துக்கு நானேதான் போனேன். பச்சைத் தலைக்குட்டை இறங்கியது. நான் என்ன பேசுவது என்று வழி முழுக்க யோசித்து வைத்திருந்தேன். அவள் என் தாடையைப் பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தாள், குதிரை வாங்குகிறவள் மாதிரி.

"இளைச்சிட்ட" என்றாள்.

நாற்பத்தெட்டு வருடம் கழித்து! தொண்ணூற்றாறு கிலோ இருக்கிறேன், லோஜா. கன்னம்தான் இளைத்துவிட்டதாம். நடுத்தெருவில் நின்று அழுதேன். அவள் அழவில்லை. கைக்குட்டையைக் கொடுத்துவிட்டு, "மூக்கைச் சிந்து. வா, பசிக்குது" என்றாள்.

சாப்பாடு முடிந்து எல்லாரும் கொஞ்சம் உல்லாசமாக இருந்த நேரம். ஒரே வேர் என்று சிகாகோக்காரர் மேசை மேல் தட்டிப் பேசிக்கொண்டிருந்தார். ப்ரோனியா எழுந்தாள், கண்ணாடியைப் போட்டாள். கூடத்தில் கொவோஜெய் என்று பெயர் இல்லாத கிழவி ஒருத்தி எழுந்து நின்றதும் எல்லாரும் வாயை மூடினார்கள். உங்கள் தாளைப் படித்தாள். எழுத்துக் கூட்டித்தான் படித்தாள், ஆனால் கடைசி வரிசை வரை கேட்டது.

"இந்தக் கூடத்தில் உள்ள எல்லாருக்கும் ஒரு சக்கரத் தச்சனிடமிருந்துதான் பெயர் வந்தது. அந்தத் தச்சன் யார், எந்த ஊர், எந்தப் பட்டறை, பெயர் வந்த நாள் எது என்று சொல்லத் தெரிந்தவர் தயவுசெய்து எழுந்து நிற்கவும். இப்படிக்கு, விஷ்னியேவோ பதிவு அலுவலர், பிறப்பால் பெட்னாஷ்."

யாரும் அசையவில்லை. சிகாகோக்காரர் சுரங்கத் தொழிலாளியைப் பார்த்தார். அவர் விரல் விட்டு எண்ணினார். "எங்க தாத்தாவோட தாத்தா... ஊஹூம், அவரு பன்னி வளத்தாரு. அதுக்கு மேல தெரியாது" என்றார். பின்னாலிருந்து ஒருவர், நெசவாளர் என்றார். இன்னொருவர், எங்கள் வீட்டில் எல்லாரும் காவல்துறை என்றார், அதற்கு யாரோ சிரித்தார்கள். அப்புறம் சிரிப்பும் நின்றுவிட்டது. நூற்று நாற்பத்தேழு கொவோஜெய்கள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்கும் தெரியவில்லை. எல்லாருக்கும் அந்த முதல் ஆள் எப்போதோ தொலைந்து போய்விட்டார்.

எனக்கு அப்போதும் உறைக்கவில்லை, லோஜா. ஐயோ பாவம், இவர்களுக்குத் தெரியவில்லையே என்று நானும் அவர்களோடு சேர்ந்து சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ப்ரோனியா கண்ணாடியைக் கழற்றினாள். மேசைக்கு அடியில் என் முழங்காலில் ஒரு குத்து விட்டாள்.

"எந்திரிடா" என்றாள். "உன்னைத்தான் கேக்குறாங்க."

எழுந்தேன்.

செவெரின் கொவோஜெய்,
டெம்புவ்கா, ஃபிரான்சிஷெக் காவ்லிக் பட்டறை, 8 ஜனவரி 1946